கடலோர ஊர் தேடுகிறீர்களா? முதலில் சாலையைப் பாருங்கள்

வெயில் ஊரில், கடல் பக்கத்தில், நடந்தும் சைக்கிளிலும் வாழ்க்கையை ஓட்ட ஓர் இடம் தேடுகிறவர்கள் பெரும்பாலும் கடற்கரைப் படங்களிலேயே மயங்கிவிடுகிறார்கள். வரைபடத்தில் ஆரம்பியுங்கள். ஊருக்கும் கடலுக்கும் நடுவே நெடுஞ்சாலை ஓடுகிறதா? ஓடினால், அதைக் கடக்க எத்தனை இடத்தில் சிக்னலோ சுரங்கப்பாதையோ இருக்கிறது என்று எண்ணுங்கள். ஒன்றிரண்டுதான் என்றால் வேறு ஊர் பார்ப்பதே நல்லது.

அப்புறம் 800 மீட்டர் கணக்கு. சாதாரண நடைக்கு அது சுமார் 10 நிமிடம். மளிகை, மருந்துக்கடை, பேருந்து நிறுத்தம் மூன்றும் அதற்குள் வரவேண்டும். நேர்க்கோட்டில் அளக்காதீர்கள், நடக்கும் வழியில் அளங்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தில் சைக்கிளுக்கென்றே தனி வரைபடம் இருக்கிறது. பாதையோடு மேடு பள்ளமும் தெரியும்.

பலர் விட்டுவிடுவது நிழலை. எவ்வளவு அகலமான நடைபாதையாக இருந்தாலும் மரம் இல்லாவிட்டால் நண்பகலில் கால் வைக்க முடியாது. ஸ்பெயினின் வலென்சியாவில் 1957 வெள்ளத்துக்குப் பின் துரியா ஆற்றைத் திருப்பிவிட்டு, பழைய படுகையைப் பூங்காவாக்கினார்கள். இன்று நகரின் ஊடே மர நிழலில் பல கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டலாம். அப்படி ஒரு பசுமை வழி இருக்கிற ஊருக்கு நான் கூடுதல் மதிப்பெண் தருவேன்.

நேரில் போவதாக இருந்தால் வெயில் உச்சத்தில் இருக்கும் மாதத்தில் போங்கள். பிற்பகலில் கடல்காற்று வலுக்கும்போது கடலை நோக்கிச் சைக்கிள் மிதித்துப் பாருங்கள். சரி, வீட்டில் சைக்கிளை உள்ளே நிறுத்த இடம் இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். உப்புக்காற்றில் செயின் சீக்கிரம் துருப்பிடிக்கும்.