சின்ன ஃபஸ் பெடலை வழிக்குக் கொண்டுவருவது எப்படி

புது ஃபஸ் பெடல் (கிட்டார் ஒலியைக் கரகரவென்று முரடாக்கும், காலால் மிதிக்கும் கருவி) கைக்கு வந்ததும் பலரும் இருக்கிற நாப் எல்லாவற்றையும் முழுக்கத் திருப்பிவிட்டு, தேனீக் கூட்டம் மாதிரி வரும் இரைச்சலைக் கேட்டு வெறுத்துப்போய் பெட்டியிலேயே திரும்ப வைத்துவிடுகிறார்கள். பாவம் அந்தப் பெடல்! ஃபஸ்ஸின் கடிவாளம் கிட்டாரின் வால்யூம் நாபில் இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

முதலில் கரண்ட். இந்தக் குட்டிப் பெடல்களில் பெரும்பாலும் பேட்டரிக்கு இடமிருக்காது, 9 வோல்ட் அடாப்டர்தான். நடுமுனை நெகட்டிவ் என்பது பொதுவான வழக்கம், இருந்தாலும் பெடலில் அச்சிட்டிருக்கும் குறியைப் பார்த்துவிட்டே செருகுங்கள். பழைய பாணியில் பிஎன்பி ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் போட்டுச் செய்யும் சில ஃபஸ்களில் பாசிட்டிவ்தான் கிரவுண்ட் (சர்க்யூட்டின் பொது முனை). அதை மற்ற பெடல்களோடு ஒரே வயரில் கோர்த்தால் சப்ளை ஷார்ட் ஆகிவிடும், தனி அடாப்டர் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம் வரிசை, இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். கிட்டாரிலிருந்து வரும் கேபிள் நேராக ஃபஸ்ஸுக்குள் போகட்டும். 1966-ல் வந்த ஃபஸ் ஃபேஸ் என்ற பெடலின் வழியில் செய்த சர்க்யூட்டுகளுக்கு இன்புட் இம்பீடன்ஸ் (உள்ளே வரும் சிக்னலுக்குக் காட்டும் மின்தடை) ரொம்பக் குறைவு என்பதால் கிட்டாரின் பிக்கப்பும் (தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பாகம்) வால்யூம் நாபும் அந்த சர்க்யூட்டோடு சேர்ந்தே வேலை செய்கின்றன. நடுவில் பஃபர் (கிட்டாரையும் ஃபஸ்ஸையும் பிரித்து நிறுத்தும் சர்க்யூட்) உள்ள ட்யூனரை வைத்தால் சத்தம் கூர்மையாகிவிடும், வால்யூமை இறக்கினாலும் முன்போல் தெளியாது. பிக் மஃப் என்ற இன்னொரு ஃபஸ்ஸின் வகைப் பெடல்கள் இந்த விஷயத்தில் அவ்வளவு முரண்டு பிடிக்காது.

இப்போது வாசிக்கலாம். ஃபஸ் நாபைப் பாதியில் வையுங்கள், லெவலைப் பெடல் அணைந்திருக்கும்போது வரும் சத்தத்தைவிடச் சற்றே கூட்டுங்கள். கழுத்துப் பக்கத்து பிக்கப், டோன் பாதி, கிட்டார் வால்யூம் 10. ஒரே ஒரு ஸ்வரத்தை அடித்துவிட்டு அது அடங்கும்வரை கேளுங்கள்: கடைசியில் விட்டுவிட்டுத் தெறித்து அறுந்தால் பயாஸ் (டிரான்சிஸ்டர் வேலை செய்ய நிலையாகக் கொடுக்கும் மின்னழுத்தம்) பட்டினி கிடக்கிறது என்று அர்த்தம், பயாஸ் நாப் இருந்தால் மெதுவாகத் திருப்பிச் சரிசெய்யலாம் (அந்தத் தெறிப்பே பிடித்திருந்தால் தாராளமாக அப்படியே விடுங்கள்). பிறகு கிட்டார் வால்யூமை 7, 6, 5 என்று இறக்கிக்கொண்டே அதே ஸ்வரத்தை அடியுங்கள். நல்ல ஃபஸ் ஃபேஸ் வகையில் ஒரு இடத்தில் முரட்டுத்தனம் கரைந்து, மணி மாதிரி தெளிந்த ஒலி வரும். அந்த இடத்தை விரல் மறக்கக் கூடாது, பாட்டின் பாதியைப் பெடலை மிதிக்காமலே அங்கிருந்து வாசித்துவிடலாம்.

முழு கார்ட் அடித்தால் குழம்பத்தான் செய்யும், ஏனென்றால் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களின் கூட்டலும் கழித்தலுமாகப் புதுப்புது அதிர்வெண்களை ஃபஸ் உண்டாக்குகிறது. வேர் ஸ்வரமும் ஐந்தாவதும் மட்டும் இருக்கும் பவர் கார்ட் போதும்.

ஜெர்மானியம் வெப்பத்துக்கு ஆடிப்போகும், சூடு ஏறினால் பயாஸ் நகர்ந்து சத்தமே மாறும், வெயிலில் வைக்காதீர்கள். சிலிக்கான் டிரான்சிஸ்டர் போட்ட ஃபஸ்ஸுக்கு அந்தக் கவலை அவ்வளவாக இல்லை.

தனியாக வாசிக்கும்போது மலைபோல் கேட்ட ஒலி, டிரம்ஸும் பேஸும் சேர்ந்ததும் காணாமல் போனால் லெவலை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். பிக் மஃப் வகையில் நடு அதிர்வெண்கள் குழிந்திருக்கும், ஆம்பில் மிடில் நாபைக் கூட்டி, பேஸைக் கொஞ்சம் குறையுங்கள், கிட்டார் முன்னால் வந்து நிற்கும்.