யுகுலேலே: பார்த்து வாங்குங்கள், தந்தி மாற்றிக் கேளுங்கள்

யுகுலேலே, நான்கு தந்திகள் கொண்ட, சிறு கிட்டார் போன்ற வாத்தியம். அதன் ஒலி மந்தமாக இருந்தால் பழி முதலில் மரத்தின் மீதுதான் விழும். பெரும்பாலும் குறை மரத்தில் இருக்காது. தந்தியிலும், அது உட்காரும் நட், சேடில் இரண்டிலும்தான் இருக்கும். தந்தியைத் தலைப்பக்கத்தில் தாங்கும் சிறு பட்டைக்கு நட் என்று பெயர். மேல்பலகையில் தந்தியைக் கட்டும் கட்டை பிரிட்ஜ்; அதில் செருகியிருக்கும் பட்டைதான் சேடில். இவை சரியாக இருந்தால் சாதாரண ப்ளைவுட் வாத்தியமும் இனிமையாகப் பேசும். இவை கோணலாக இருந்தால் ஹவாயின் உயர்ந்த கோவா (koa) மரமும் காப்பாற்றாது.

எந்த அளவு?

நட்டுக்கும் சேடிலுக்கும் இடையே தந்தி அதிரும் நீளத்தை வைத்துத்தான் அளவுகள் பிரிகின்றன. சொப்ரானோ சுமார் 34 செ.மீ., கான்செர்ட் 38, டெனர் 43, பாரிட்டோன் 48 முதல் 51 வரை. முதல் மூன்றுக்கும் சுருதி ஒன்றே: ஜி, சி, இ, ஏ. சி-யை ஆதார ஸட்ஜமாக வைத்தால் இவை ப, ஸ, அந்தர காந்தாரம், சதுஸ்ருதி தைவதம். பாரிட்டோன் மட்டும் டி, ஜி, பி, இ; கிட்டாரின் மெல்லிய நான்கு தந்திகளின் சுருதி அது. பாரிட்டோனைக் கையில் வைத்துக்கொண்டு பொதுவான யுகுலேலே பாடங்களைப் பார்த்தால் விரல் அமைப்பு ஒன்றாகவும் ஒலி வேறாகவும் வரும். முதல் வாத்தியமாக அதை வாங்க வேண்டாம்.

பெரியவர்களுக்கு எங்கள் பரிந்துரை கான்செர்ட். கழுத்தில் குறுக்காகப் பதித்த உலோகக் கம்பிகளான ஃப்ரெட்டுகளுக்கு இடையே விரல் நெருக்கியடிக்காது, யுகுலேலேக்கே உரிய துள்ளலும் குறையாது. சிறு கைகளுக்குச் சொப்ரானோ பொருந்தும். விரலால் மீட்டி மெட்டு வாசிப்பதே நோக்கம் என்றால் டெனருக்குப் போகலாம்.

மரமும் பலகையும்

மேல்பலகை முழு மரமா, ஒட்டுப்பலகையா என்பதை ஒலித்துளையின் விளிம்பிலேயே கண்டுபிடிக்கலாம். மேலே ஓடும் ரேகைகள் விளிம்பில் மடிந்து அப்படியே கீழே தொடர்ந்தால் அது முழு மரம். விளிம்பில் அடுக்கடுக்காகக் கோடுகள் தெரிந்தால் ஒட்டுப்பலகை. முழு மரம் நன்றாக அதிரும், ஆனால் காற்றின் ஈரப்பதம் வெகுவாகக் குறைந்தால் வெடிக்கும். அதற்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் நல்லது. அந்தக் கவனிப்பு முடியாதவர்கள் ஒட்டுப்பலகையையே எடுக்கலாம், அதில் குறைவொன்றும் இல்லை. தவிர்க்க வேண்டியது தடித்த பலகையும் தடித்த வார்னிஷும். கையில் எடுத்ததும் கனமாக இருந்தால், பிரிட்ஜுக்குப் பின்னால் விரலால் தட்டும்போது ‘டொக்’ என்று ஒலி அங்கேயே செத்துவிட்டால், கீழே வைத்துவிடுங்கள்.

கையில் வாங்கியதும் சோதிக்க வேண்டியவை

முதலில் சுருதி காட்டும் கருவியான ட்யூனரை வைத்துச் சுருதி சேருங்கள். பிறகு இந்த வரிசையில் பாருங்கள்.

நட்: ஒரு தந்தியை இரண்டாம், மூன்றாம் ஃப்ரெட்டுகளுக்கு நடுவே அழுத்திப் பிடித்து, முதல் ஃப்ரெட்டின் மேல் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒரு காகிதம் நுழையும் அளவுக்கு இருந்தால் போதும். அதிகம் இருந்தால் நட் உயரம். அப்போது முதல் ஃப்ரெட்டை அழுத்த விரல் வலிக்கும். அதைவிட மோசம், தந்தி இழுபட்டுச் சுருதி ஏறிவிடும். சுருதி சேர்த்த பிறகும் கார்டு (பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிப்பது) பிசிறடிக்கிறது என்று புதிதாகக் கற்பவர்கள் குழம்புவது பெரும்பாலும் இதனால்தான். இடைவெளியே இல்லாவிட்டால் திறந்த தந்தி இரைச்சலிடும்.

தந்தியின் உயரம்: 12-வது ஃப்ரெட்டின் உச்சியிலிருந்து தந்தியின் அடிப்பக்கம் வரை 2.5 முதல் 3 மி.மீ. இருக்கலாம்.

ஸ்வர சுத்தம்: 12-வது ஃப்ரெட்டில் அழுத்தி வாசிப்பது, திறந்த தந்தியின் சரியான மேல் ஸ்தாயியாக இருக்க வேண்டும். ட்யூனரில் 10 சென்ட்டுக்குள் (ஒரு சென்ட் என்பது அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு) விலகல் என்றால் பரவாயில்லை. தேய்ந்த தந்தியும் இந்தச் சோதனையில் தோற்கும் என்பதால், மற்றதெல்லாம் நன்றாக இருக்கும் வாத்தியத்தை இதற்காக மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள்.

பிறகு ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் வாசித்துப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் இரைந்தால் அடுத்த ஃப்ரெட் தூக்கி நிற்கிறது. பிரிட்ஜின் பின்விளிம்பில் காகிதம் உள்ளே நுழைந்தால் பசை விடுகிறது என்று பொருள், அதை வாங்காதீர்கள்.

எந்தத் தந்தி?

நைலான் மென்மையானது, உருண்டையான ஒலி தருவது. ஆனால் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் சுருதி மாறும். ஃப்ளூரோகார்பன் தூண்டிலிலும் பயன்படும் அதே பொருள். நைலானைவிட அடர்த்தி அதிகம் என்பதால் அதே சுருதிக்கு மெல்லிய தந்தியே போதும். ஒலி தெளிவாகவும் நீண்டும் வரும், ஈரத்தையும் உறிஞ்சாது. இத்தாலியின் அக்விலா நிறுவனம் தரும் நைல்கட் என்ற வெள்ளைத் தந்தி, பழைய குடல் தந்தியின் தன்மையை ஒத்தது. உரக்க ஒலிக்கும், தொட்டால் சற்றுத் தடிப்பாக இருக்கும்.

மந்தமான வாத்தியத்துக்கு முதலில் ஃப்ளூரோகார்பனைப் போட்டுப் பாருங்கள். ஏற்கெனவே கீச்சிடும் வாத்தியத்துக்கு நைலான் இதம். எஃகுத் தந்தி மட்டும் ஒருபோதும் கூடாது. அதன் இழுவிசைக்குப் பிரிட்ஜ் பெயர்ந்துவிடும்.

உறையில் உள்ள அளவைப் பார்த்து வாங்குங்கள். அதே தந்தி, அதே சுருதி, ஆனால் நீளம் கூடினால் இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். சொப்ரானோ தந்தியை டெனரில் கட்டினால் இழுவிசை ஒன்றரை மடங்குக்கு மேல் போகும். கான்செர்ட்டும் சொப்ரானோவும் பெரும்பாலும் ஒரே தந்தியைப் பகிர்ந்துகொள்ளும்.

மாற்றும் முறை

எல்லாத் தந்திகளையும் ஒரே நேரத்தில் கழற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். பல வாத்தியங்களில் சேடில் ஒட்டப்பட்டிருக்காது. நான்கும் போனால் அது கழன்று விழும், எந்தப் பக்கம் முன் என்பதும் மறந்துபோகும். பக்கத்துத் தந்தியின் முடிச்சு கண்முன் இருப்பதும் ஒரு வசதி.

பழைய தந்தியை நன்றாகத் தளர்த்திய பிறகே அவிழுங்கள். புதியதை ஒலித்துளைப் பக்கமிருந்து பிரிட்ஜ் துளைக்குள் விட்டு, பின்னால் 6, 7 செ.மீ. வரும்படி இழுங்கள். அந்த வாலை பிரிட்ஜின் மேலாக முன்னே கொண்டுவந்து, தந்தியின் அடியில் நுழைத்து, மறுபடியும் பின்னே திருப்பி, பிரிட்ஜின் மேல் கிடக்கும் வளையத்துக்கு அடியில் செருகுங்கள். தடித்த சி தந்திக்கு ஒரு செருகல் போதும், மற்ற மூன்றுக்கும் இரண்டு மூன்று வேண்டும். கடைசிச் செருகல் எங்கே உட்காருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அது பிரிட்ஜின் மேல்விளிம்பைத் தாண்டி, பின்சுவரில் நசுங்கிக் கிடக்க வேண்டும். எல்லாச் செருகல்களும் மேற்பரப்பிலேயே இருந்தால் பிடிப்பு இருக்காது. சுருதி ஏறும்போது வால் உருவிக்கொண்டு, தந்தி பலகையைச் சவுக்குபோல அடித்துத் தழும்பு விடும். பாதுகாப்புக்கு பிரிட்ஜின் பின்னால் ஒரு தடித்த அட்டையை வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிட்ஜில் கீறல்போலத் திறந்த துளை மட்டும் இருந்தால் இந்தக் கட்டு தேவையில்லை; தந்தி நுனியில் இரட்டை முடிச்சுப் போட்டு உள்ளே இறக்கினால் போதும்.

தலைப்பக்கத்தில் திருகுத் துளை வழியாகத் தந்தியை விட்டு, 4, 5 செ.மீ. தளர்வு வைத்துச் சுற்றத் தொடங்குங்கள். இரண்டு மூன்று சுற்று வரும். சுற்றுகள் மேலிருந்து கீழாக இறங்க வேண்டும். அப்போதுதான் தந்தி நட்டை அழுத்தி உட்காரும். தந்தி தண்டின் உட்பக்கமாக வரட்டும். திருகும்போது ‘டிக்’ என்று ஒலித்துச் சுருதி தாவினால், தந்தி நட் பள்ளத்தில் சிக்குகிறது. அங்கே பென்சில் முனையால் கொஞ்சம் கிராஃபைட் தேய்த்தால் வழுக்கிப் போகும்.

இறங்கிக்கொண்டே இருக்கும் சுருதி

புதுத் தந்தி சில நாட்களுக்குச் சுருதி இறங்கும். அது குறையல்ல, தந்தி நீள்கிறது. 12-வது ஃப்ரெட் அருகே ஒரு செ.மீ. அளவுக்கு மெதுவாகத் தூக்கி விட்டு, சுருதி சேர்த்து, மறுபடியும் தூக்குங்கள். நான்கைந்து முறை போதும். வலுவாக இழுத்தால் தந்தி ஓரிடத்தில் மெலிந்து ஸ்வர சுத்தம் கெட்டுவிடும். எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றிச் சேருங்கள்.

வாலை உடனே நறுக்காதீர்கள். இரண்டு மூன்று நாள் கழித்து, 3, 4 மி.மீ. விட்டு வெட்டுங்கள். நீண்ட வால் மேல்பலகையைத் தொட்டால் அதுவே இரைச்சல் போடும். காரணம் தெரியாத இரைச்சல் வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடமும் அதுதான், அடுத்து தலைப்பக்கத் திருகுகளின் தளர்ந்த திருகாணி.

ஃப்ரெட் படும் இடத்தில் தந்தியின் அடியில் நகத்தை ஓட்டினால் பள்ளம் தட்டுப்படுகிறதா? அப்போதே மாற்றிவிடலாம்.

வழக்கமான ஜி-க்கு ஒரு ஸ்தாயி கீழான தாழ்ந்த ஜி கட்ட விரும்பினால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தத் தந்தி தடித்தது, நட் பள்ளத்தைச் சற்று அகலப்படுத்த வேண்டியிருக்கும். பிறகு மெல்லிய ஜி-க்குத் திரும்பினால், அகன்ற பள்ளத்தில் அது தளர்ந்து இரையும். ஆகவே பழைய நட்டைப் பத்திரமாக வைத்துவிட்டு, வேறொரு நட்டில் பள்ளம் வெட்டுவதே புத்திசாலித்தனம்.

தந்தி மாற்றிய பிறகும் உயரம் அதிகமாகத் தோன்றினால் சேடிலின் அடிப்பக்கத்தைச் சமதளத்தில் வைத்த 220 எண் உப்புக்காகிதத்தில் தேய்க்கலாம். 12-வது ஃப்ரெட்டில் அரை மி.மீ. குறைய வேண்டுமென்றால் சேடிலில் ஒரு மி.மீ. போக வேண்டும். பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு, கோட்டுக்குச் சற்று முன்பே நிறுத்தி, மாட்டிப் பார்த்துவிட்டு மீதியைத் தேயுங்கள்.