அலங்காரமற்ற சிகரெட் உறையும் கடத்தலும்: ஒரு வாதத்தைச் சோதித்தறியும் முறை

சிகரெட் பாக்கெட்டுகளில் நிறமும் சின்னமும் நீக்கப்பட்டு, எல்லா நிறுவனங்களின் பாக்கெட்டுகளும் ஒரே தோற்றத்தில் இருக்க வேண்டும் என்று ஓர் அரசு சட்டம் இயற்ற முனையும்போதெல்லாம், அதனால் கள்ளச் சிகரெட் பெருகும், வரி வருவாய் சரியும் என்ற எச்சரிக்கை உடனே எழுகிறது. செய்தி எழுதுவோர், அரசு கருத்துக் கேட்கும்போது மனு அனுப்புவோர், வகுப்பில் இதை விவாதப் பொருளாக எடுத்துக்கொள்ளும் ஆசிரியர்கள் ஆகியோர் அந்த எச்சரிக்கையைத் தாமே சோதித்துப் பார்க்க உதவும் வகையில் இதை எழுதுகிறேன். ஆண்டுதோறும் உலகில் 70 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறிக்கும் ஒரு பொருளைப் பற்றிய சட்டம், சரிபார்க்கப்படாத ஓர் எண்ணால் தள்ளிப்போடப்படக் கூடாது.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் படிக்க வேண்டும். அலங்காரமற்ற உறை என்றதும் எதுவுமே அச்சிடப்படாத வெள்ளைப் பெட்டி என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அப்படியானால் அதைப் போலியாகச் செய்வது எளிது என்ற வாதமும் பொருத்தமாகத் தோன்றிவிடுகிறது. 2012 டிசம்பர் 1 முதல் இதை முழுமையாக நடைமுறைப்படுத்திய முதல் நாடான ஆஸ்திரேலியாவின் பாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடிநிறம் மங்கிய அடர்பழுப்பு. நிறுவனத்தின் பெயர் குறிப்பிட்ட எழுத்துருவில், குறிப்பிட்ட அளவில், குறிப்பிட்ட இடத்தில் இருக்கும். முன்பக்கத்தின் 75 விழுக்காட்டையும் பின்பக்கத்தின் 90 விழுக்காட்டையும் நோய்களின் வண்ணப் படங்களுடன் கூடிய எச்சரிக்கை நிரப்பியது. எங்கே தயாரானது என்பதை அறிய உதவும் குறியீட்டையோ, கண்ணுக்குத் தெரியாத பாதுகாப்பு அடையாளத்தையோ பொறிக்கவும் விதிகள் இடமளித்தன. பழைய வண்ணப் பாக்கெட்டை அச்சு அசலாகச் செய்யத் தெரிந்த போலித் தயாரிப்பாளருக்கு இந்தப் பாக்கெட் எந்தச் சலுகையையும் தரவில்லை.

அடுத்து, ‘கள்ளச் சிகரெட்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடைக்கப்படும் வெவ்வேறு பொருள்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். என் கருத்தில் இதுவே இந்தச் சோதனையின் மிக முக்கியமான படி. வரி குறைந்த நாட்டில் முறையாகத் தயாரிக்கப்பட்டு, வரி மிகுந்த நாட்டுக்குள் மறைவாகக் கொண்டுவரப்படும் அசல் சிகரெட் ஒரு வகை. புகழ்பெற்ற பெயரில் செய்யப்படும் போலி இன்னொரு வகை. ஒரு நாட்டில் சட்டப்படி தயாரிக்கப்பட்டாலும், பெரும்பாலும் வேறு நாடுகளுக்குள் கடத்தப்படுவதற்கென்றே உருவாக்கப்படும் மலிவுப் பெயர்கள் மூன்றாவது வகை. இவற்றுடன் உறையே இல்லாமல் பையில் விற்கப்படும் நறுக்கிய புகையிலையும், உள்நாட்டுத் தொழிற்சாலை கணக்கில் காட்டாமல் வெளியே அனுப்பும் சரக்கும் உண்டு. உறையின் தோற்றம் மாறினால் இவற்றில் எது பெருகும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள். போலியையும், அதே தொழிற்சாலையின் உறையிலேயே வெளியேறும் கணக்கில் வராத உள்நாட்டுச் சரக்கையும் தவிர மற்ற எதற்கும் அந்த நாட்டுச் சட்டப்படியான உறையைப் பின்பற்ற வேண்டிய தேவையே இல்லை. சொல்லப்போனால், எல்லாச் சட்டபூர்வப் பாக்கெட்டுகளும் ஒரே நிறத்தில் இருக்கும் நாட்டில், வண்ணப் பாக்கெட் ஒன்று கடையில் கண்ணில் பட்டால், அது அந்தச் சந்தைக்கு உரியதல்ல என்பது சோதனைக்கு வரும் அதிகாரிக்குப் பார்த்த மாத்திரத்திலேயே விளங்கிவிடும்.

பிறகு எண்ணுக்கு வாருங்கள். எத்தனை விழுக்காடு என்பதைவிட, யார் பணம் கொடுத்து, எந்த முறையில் எண்ணினார்கள் என்பதே முதற்கேள்வி. புகையிலை நிறுவனங்களின் செலவில் நடத்தப்படும் ஆய்வுகள் பலவற்றில், தெருவிலும் குப்பைத்தொட்டியிலும் கிடக்கும் காலிப் பாக்கெட்டுகளைச் சேகரித்து, அவற்றில் உள்நாட்டுக்கு உரியவை அல்லாதவை எத்தனை என்று கணக்கிடும் முறை பயன்படுகிறது. வீட்டுக்குள் எறியப்படும் பாக்கெட்டுகள் அதில் சேர்வதில்லை. நகரங்களும் பயணிகள் கூடும் இடங்களும் கூடுதல் இடம் பெறக்கூடும். வெளிநாட்டிலிருந்து ஒருவர் சட்டப்படி தமக்காக வாங்கி வந்த பாக்கெட்டையும் கடத்தல் பாக்கெட்டையும் பார்த்த அளவில் பிரித்தறிய முடிவதில்லை. பிடிபட்ட சரக்கின் அளவைக் காட்டும் எண்ணிலும் கவனம் தேவை, ஏனெனில் சோதனை தீவிரமானாலே அது உயர்ந்துவிடும். வரி வசூலையும் மக்களிடம் நடத்தும் நுகர்வுக் கணக்கெடுப்பையும் ஒப்பிட்டு அரசு தரும் மதிப்பீடு, முறை வெளிப்படையாக இருக்குமானால், ஓரளவு நம்பத்தக்கது.

விழுக்காடு ஏமாற்றும் விதத்தையும் இங்கேயே பார்த்துவிடலாம். ஒரு சந்தையில் சட்டபூர்வ சிகரெட் 90 பங்கும் கள்ளச் சிகரெட் 10 பங்கும் இருப்பதாகக் கொள்ளுங்கள். மக்கள் புகைப்பதைக் குறைத்ததால் சட்டபூர்வ விற்பனை 70 பங்காகி, கள்ளச் சிகரெட் அதே 10 பங்காக நின்றால், அதன் விழுக்காடு 10-லிருந்து 12.5 ஆக உயர்ந்துவிடும். கூடுதலாக ஒரு சிகரெட்டும் கடத்தப்படாமலேயே ‘கடத்தல் கால் பங்கு பெருகியது’ என்று தலைப்பிட முடியும். ஆகவே விழுக்காட்டுடன் மொத்த அளவையும் கேட்டு வாங்குங்கள்.

இனி காலவரிசை. உறை மாறிய தேதிக்கு அருகில் வேறு எவையெல்லாம் மாறின என்பதை ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொள்வது நல்லது. ஆஸ்திரேலியாவில் 2010 ஏப்ரலில் புகையிலை மீதான கலால் வரி ஒரே அடியாக 25 விழுக்காடு உயர்ந்தது; 2013 டிசம்பர் தொடங்கி 2020 வரை ஆண்டுக்கு 12.5 விழுக்காடு வீதம் எட்டு முறை உயர்த்தப்பட்டது. அங்கே கள்ளச் சந்தை பின்னாளில் பெரிதாக வளர்ந்தது என்பதும், 2023 முதல் மெல்போர்னில் புகையிலைக் கடைகள் தொடர்ந்து தீவைக்கப்பட்டன என்பதும் உண்மை. அலங்காரமற்ற உறையை ஆதரிப்பவர்கள் இதை மறைக்கக் கூடாது. மறைத்தால் நம்பிக்கை போய்விடும். ஆனால் கடத்துபவருக்குக் கிடைக்கும் ஆதாயம் வரி கட்டிய விலைக்கும் கட்டாத விலைக்கும் இடையிலுள்ள இடைவெளியில் இருக்கிறது. மெல்போர்ன் அமைந்துள்ள விக்டோரியா மாநிலத்தில் புகையிலை விற்க உரிமம் தேவை என்ற சட்டமே 2024-இன் இறுதியில்தான் நிறைவேறியது. வரி ஏறிக்கொண்டே இருக்க, கடைகளைக் கண்காணிக்கும் ஏற்பாடு பல ஆண்டுகள் பின்தங்கிக் கிடந்ததை விட்டுவிட்டு உறையின் நிறத்தில் காரணம் தேடுவது சரியல்ல.

காலத்தில் இன்னும் பின்னோக்கிச் சென்றால் கனடாவின் அனுபவம் கிடைக்கும். 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவுக்கு வரியின்றி ஏற்றுமதியான கனடியச் சிகரெட்டுகள் எல்லை தாண்டித் திரும்பி வந்து கள்ளச் சந்தையில் குவிந்தன. அரசு 1994 பிப்ரவரியில் வரியையே குறைத்தது. அப்போது எல்லாப் பாக்கெட்டுகளும் வண்ணப் பாக்கெட்டுகளே. பின்னர் 2008-இல், வரி முத்திரையற்ற சிகரெட்டைப் பிறர் விற்கவும் வைத்திருக்கவும் உதவிய குற்றத்தை அந்நாட்டின் இரண்டு பெரிய புகையிலை நிறுவனங்கள் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு, மொத்தம் 30 கோடி கனடிய டாலர் அபராதம் செலுத்தின. இந்த வரலாற்றைக் காட்டி, நிறுவனங்கள் இன்று சொல்வதெல்லாம் பொய் என்று முடிவுகட்ட இயலாது. ஆனால் கடத்தலைப் பற்றி அவை எச்சரிக்கும்போது, தரவையும் முறையையும் முழுமையாகக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

நடுநிலையான ஆய்வுகளையும் தீர்ப்புகளையும் தேடிப் படியுங்கள். பிரிட்டன் அரசுக்காக இதை ஆராய்ந்த மருத்துவர் சிரில் சான்ட்லர், 2014 ஏப்ரலில் வெளியான தம் அறிக்கையில், கள்ளச் சந்தை பெருகும் என்ற வாதம் தமக்கு ஏற்புடையதாக இல்லை என்று பதிவுசெய்தார். உலக வர்த்தக அமைப்பின் நடுவர் குழு ஆஸ்திரேலியச் சட்டத்துக்கு எதிரான புகார்களை 2018-இல் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டு அமைப்பும் 2020-இல் அதை உறுதிசெய்தது.

மனு எழுதுபவர்கள் உறைச் சட்டத்தை ஆதரிப்பதோடு நின்றுவிடாமல், கடத்தலுக்கெனத் தனியே ஒரு பகுதியை ஒதுக்க வேண்டும். 2018 செப்டம்பர் 25 முதல் நடைமுறையில் உள்ள, புகையிலைப் பொருள்களின் சட்டவிரோத வணிகத்தை ஒழிப்பதற்கான சர்வதேச நெறிமுறையில் உங்கள் நாடு இணைந்துள்ளதா என்று பாருங்கள். இணையவில்லை என்றால் இணையுமாறு கேளுங்கள். தயாரிப்பாளர் முதல் விற்பனையாளர் வரை உரிமம், ஒவ்வொரு பாக்கெட்டிலும் தனித்த அடையாள எண், அந்த எண்ணைக் கொண்டு சரக்கின் பயணத்தைத் தொடரும் ஏற்பாடு ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் கோருங்கள். அந்த ஏற்பாட்டின் பொறுப்பைப் புகையிலைத் தொழிலிடம் ஒப்படைக்கக் கூடாது என்பதை அந்த நெறிமுறையின் 8-ஆவது பிரிவே கூறுகிறது. மனுவில் அந்தப் பிரிவின் எண்ணையும் குறிப்பிடுங்கள்.