பின் ஷாக் அப்சார்பர்: போனதா இல்லையா பார்ப்பது, போயிருந்தால் வீட்டு வாசலிலேயே மாற்றுவது

ஊட்டி, குன்னூர் பக்கம் யாரைக் கேட்டாலும் "டக் டக்னு சத்தம் வருது, ஷாக் போயிடுச்சு" என்பார்கள். காரின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பரைத்தான் சொல்கிறார்கள், ஆனால் அந்தச் சத்தம் பெரும்பாலும் ஷாக்கில் இருந்து வராது. சின்னக் குழியில் இறங்கும்போது முன்பக்கம் டக்கென்றால் முதலில் லிங்க் ராடு (ஸ்டெபிலைசர் பாரை இணைக்கும் சின்னக் கம்பி), அப்புறம் லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கையில் இருக்கும் ரப்பர்) பாருங்கள். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது மேலே கடகடத்தால் ஸ்டிரட் மவுன்ட், அதாவது முன் ஷாக்கின் மேல் முனையைப் பாடியோடு பிடிக்கும் பாகம். இதெல்லாம் ஷாக்கைவிட மலிவு. ஷாக் பாட்டுக்குச் சத்தமில்லாமல், கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். தினமும் ஓட்டுகிறவருக்கு அந்த ஆட்டம் பழகிவிடும், வண்டியை இரவல் வாங்கி ஓட்டுகிறவர்தான் கண்டுபிடிப்பார்.

வண்டியின் மூலையை அமுக்கிவிட்டுப் பார்க்கும் சோதனை எல்லோருக்கும் தெரியும். மேலே வந்து அடங்கிவிட்டால் சரி, இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக் முழுக்கச் செத்துவிட்டது. ஆனால் பாதி போன ஷாக் இதில் மாட்டாது, அதற்கு ரோடுதான் வேண்டும். மேட்டுப்பாளையம் - குன்னூர் பாதையில் கொண்டை ஊசி வளைவு 14. வளைவுக்கு நடுவில் ஒரு பள்ளமோ ஒட்டுப்போட்ட தாரோ இருந்தால், அதில் ஏறும்போது வால் பக்கம் மட்டும் துள்ளி வெளியே நகர்கிறதா என்று கவனியுங்கள். நகர்ந்தால் பின் ஷாக் டயரை ரோட்டில் அழுத்தி வைக்கவில்லை என்று அர்த்தம். பிரேக் போட்டதும் மூக்கு குத்துகிறது என்றால் முன்பக்கத்தைச் சந்தேகப்படுங்கள்.

எனக்கு அதிகம் நம்பிக்கை உள்ள சோதனை கை வைத்துப் பார்ப்பது. ஆட்டத்தைச் சூடாக மாற்றுவதுதான் ஷாக்கின் வேலையே. எஸ்டேட் ரோட்டில் அரை மணி நேரம் குலுங்கி வந்து நிறுத்தியதும் பின்பக்கம் இடது, வலது இரண்டையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று வெதுவெதுப்பாகவும் மற்றது ஜில்லென்றும் இருந்தால் ஜில்லென்று இருப்பது வேலை செய்யவில்லை. முன்னையும் பின்னையும் ஒப்பிடாதீர்கள், இறங்கி வந்த கையோடு பிரேக் டிரம், டிஸ்க் பக்கம் விரலைக் கொண்டுபோகாதீர்கள்.

ஆயில் கசிவைப் பார்க்கும்போது நம்மூர் மழையும் மூடுபனியும் ஏமாற்றும். துணியால் துடைத்துவிட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள். தண்ணீர் காய்ந்துவிடும், ஆயில் என்றால் தூசு அப்பிக் கறுப்பாக நிற்கும். மேலே லேசாக வியர்த்த மாதிரி இருப்பது சாதாரணம், அடிவரை வழிந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். டயரின் மேல் உள்ளங்கையைத் தேயுங்கள், மேடும் பள்ளமுமாகத் திட்டுத்திட்டாகத் தேய்ந்திருந்தால் அதுவும் சாட்சி. 80,000 கிலோமீட்டர் என்று ஒரு பொதுக் கணக்குச் சொல்வார்கள், தேயிலைத் தோட்டத்துக் கல் ரோட்டில் ஓடும் வண்டிக்கு அதெல்லாம் செல்லாது.

முன்பக்கம் ஸ்டிரட்டாக, அதாவது ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்ததாக இருந்தால் ஒர்க்‌ஷாப்புக்குக் கொடுத்துவிடுங்கள். அதில் ஸ்பிரிங் அழுத்தப்பட்ட நிலையில் உட்கார்ந்திருக்கிறது, ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரசர் போடாமல் நடு நட்டைக் கழற்றினால் முகத்தைப் பெயர்த்துவிடும். மாற்றியபின் வீல் அலைன்மென்ட்டும் பார்க்க வேண்டும். ஸ்விஃப்ட் போல ஸ்பிரிங் தனி, ஷாக் தனி என்று பின்பக்கம் இருக்கிற வண்டியில் மட்டும் நாமே கை வைக்கலாம். ஒன்று போனாலும் ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். கூடவே பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுக்க அமுங்கும்போது இடியைத் தாங்கும் ரப்பர்), தூசு உறை, புது நட்டு வாங்கிவிடுங்கள்.

முதலில் சமதளம் தேடுங்கள், ஊட்டியில் அதுதான் பாதி வேலை. ஒன்றை மறக்காதீர்கள்: ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும், பின்னால் தூக்கியதும் அது இருந்தும் இல்லாததும் ஒன்று. எனவே கியரில் போட்டு, முன் சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். முதல் நாள் இரவே போல்ட்டுகளில் துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்துவிடுங்கள், இந்த ஈரத்தில் அவை சும்மா கழறாது.

சக்கர நட்டைத் தரையிலேயே இளக்கி, தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்து, சக்கரத்தைக் கழற்றுங்கள். இன்னொரு ஜாக்கியைப் பின் ஆக்சிலுக்கு அடியில் முட்டுக் கொடுத்து லேசாகத் தூக்குங்கள். இது இல்லாமல் ஷாக்கைக் கழற்றினால் ஆக்சில் தொங்கி ஸ்பிரிங் நழுவும், பிரேக் ஹோஸ் இழுபடும். மேல் நட்டு சில வண்டிகளில் டிக்கி ஓரத்து மூடிக்குள், சிலவற்றில் சக்கரத்துக்கு மேலேயே இருக்கும். அதைக் கழற்றியபின் கீழ் போல்ட்டைக் கழற்றுங்கள். ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள்.

புது ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து நாலைந்து முறை முழுக்க அமுக்கி இழுத்துவிட்டு மாட்டுங்கள், படுக்கவைத்த பெட்டியில் வந்ததால் உள்ளே ஆயிலும் காற்றும் கலந்திருக்கும். பளபளக்கும் ராடைப் பிளையரால் பிடிக்கவே கூடாது, ஒரு கீறல் போதும், சீல் போய்விடும். கீழ் போல்ட்டை முதலில் கையால் மட்டும் திருகுங்கள். வண்டி தரையில் நிற்கும் உயரத்துக்கு ஆக்சிலை ஜாக்கியால் தூக்கியபின் டார்க் ரெஞ்ச் (முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) வைத்து, மேனுவலில் போட்டிருக்கும் அளவுக்கு முறுக்குங்கள். தொங்கும்போதே இறுக்கினால் புஷ் ரப்பர் முறுக்கிக்கொண்டே நின்று சீக்கிரம் கிழியும்.

பழையதைத் தூக்கிப் போடுவதற்கு முன் கையால் அமுக்கி இழுத்துப் பாருங்கள். கொஞ்ச தூரம் லொடக்கென்று தடையில்லாமல் போனால் சந்தேகம் சரி. பழைய ஷாக் இரண்டுமே அமுக்கும்போதும் இழுக்கும்போதும் ஒரே சீராகக் கெட்டியாக இருந்தால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது, ஆக்சில் புஷ்ஷில் இருந்து தேட ஆரம்பியுங்கள்.