ஜிம்முக்குத் திரும்பும் முதல் 4 கிழமை

கொவிட் பரவலால் இலங்கையில் 2021 ஆகஸ்ட் 20 இரவு போட்ட ஊரடங்கு ஒக்டோபர் 1 அதிகாலை நீங்கியது. ஆறு கிழமை சும்மா இருந்துவிட்டு ஜிம்முக்குப் போனவர்கள் எந்தத் தொற்றுநீக்கி நல்லது என்றுதான் முதலில் கேட்டார்கள். அதைவிட முக்கியமானவை இரண்டு: அறைக்குள் காற்று எப்படி வருகிறது, முதல் நாள் எத்தனை கிலோ தூக்கப்போகிறீர்கள். பாரம் கூடினால் மூச்சு வாங்கும். மூச்சு வாங்க வாங்க, தொற்று உள்ளவரிடமிருந்து அறைக் காற்றில் வைரஸ் கலப்பதும் கூடும்.

2020 பெப்ரவரி, மார்ச்சில் தென்கொரியாவின் சொனான் நகரில் துள்ளல் நடன வகுப்புகளோடு தொடர்புபட்ட 112 பேருக்குத் தொற்று வந்தது. சுமார் 60 சதுர மீற்றர் அறை, 50 நிமிட வகுப்பு. தொற்றியிருந்த பயிற்றுநர்களில் ஒருவர் 7, 8 பேருக்கு அவ்வளவாக மூச்சு வாங்காத பயிற்சிகளான யோகாவும் பிலாற்றிஸும் சொல்லிக்கொடுத்தார். அவர்களில் ஒருவருக்கும் வரவில்லை.

1. முதலில் யன்னலைப் பாருங்கள்

சுவரில் தொங்கும் ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே எடுப்பதில்லை. இருக்கிற காற்றையே குளிராக்கிச் சுற்றவிடும். கொழும்பு வெள்ளவத்தையில் கடைக்கு மேல்மாடி ஜிம் என்றால், கடற்பக்க யன்னலும் காலி வீதிப்பக்க யன்னலும் சேர்ந்து திறந்திருக்கவேண்டும். அப்போதுதான் காற்று ஊடறுத்துப் போகும். ஒரு பக்கம் மட்டும் யன்னல் இருந்தால், நிற்கும் மின்விசிறியை அதில் வெளியே பார்க்க வைக்கச் சொல்லுங்கள். கொழும்பு வெக்கையில் வியர்த்துக் கொட்டத்தான் செய்யும், பரவாயில்லை. யன்னலே திறக்க முடியாத ஜிம்முக்குப் போகவேண்டாம்.

மாலை 5 முதல் 8 வரை நெரிசல். மத்தியானம் நல்லது. 45 நிமிடத்தில் வெளியேறுங்கள். முகக்கவசம் 3 கொண்டுபோங்கள். வியர்வையில் நனைந்தால் மூச்சு விடுவது கடினம், நனைந்தவுடன் மாற்றுங்கள்.

2. பாரம்: அதிகம் பேர் சறுக்கும் இடம்

முன்பு தூக்கியதில் முதல் கிழமை பாதி, இரண்டாவது 70 வீதம், மூன்றாவது 80, நான்காவது 90. ஸ்குவாட் (பாரத்தைத் தோளில் வைத்து உட்கார்ந்தெழும்புவது) 60 கிலோ செய்தவர் 30 கிலோவில் தொடங்கவேண்டும்: 20 கிலோ பாரில் (எடை மாட்டும் இரும்புத் தண்டில்) பக்கத்துக்கு 5 கிலோ. அடுத்த கிழமை பக்கத்துக்கு 10 கிலோ, மொத்தம் 40. பிறகு மொத்தம் 47.5, பிறகு 55; எல்லாம் கிட்டத்தட்டத்தான். பெஞ்ச் பிரஸ் (படுத்தபடி பாரத்தை மேலே தள்ளுவது) 40 கிலோ செய்தவருக்கு முதல் கிழமை வெறும் பார் போதும். 8 தடவை வீதம் 2 செட். இன்னும் 4 தடவை தூக்கலாம் என்று தோன்றும்போதே வைத்துவிடுங்கள்.

"லேசாக இருக்கிறதே" என்று அன்றைக்கே கூட்டுவதுதான் பிழை. பலம் அவ்வளவாகக் குறைந்திருக்காது, அதனால் பாரம் எழும்பும். ஆனால் பழக்கம் விட்ட தசை அதைத் தாங்காது. நோவு 24 முதல் 72 மணித்தியாலத்துக்குள்தான் உச்சத்துக்கு வரும். பாரத்தை மிக மெதுவாக இறக்கும் பயிற்சிகளும், நண்பர்கள் போட்டிக்குச் செய்யும் 100 ஸ்குவாட்டும் இந்த மாதம் வேண்டவே வேண்டாம். அளவு மீறினால் தசை சிதைந்து அதிலுள்ள புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும். கை வீங்கி நிமிர்த்த முடியாமல் போனாலோ, சிறுநீர் பிளேன்டீ (பால் இல்லாத தேநீர்) நிறத்தில் போனாலோ விடியும்வரை காத்திருக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள்.

3. துடைப்பது

தெளித்தவுடன் துடைத்தால் பலனில்லை. ஒரு நிமிடம் ஈரமாக இருக்கவேண்டும். பாருக்கு 70 வீத அற்ககோல் திரவமே என் தெரிவு. பிளீச் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும், ஆகவே அது தரைக்கு மட்டும்: 5 வீத பிளீச் 20 மில்லிலீற்றரை ஒரு லீற்றர் தண்ணீரில் கலவுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கலக்கவே கூடாது. துவாய், தண்ணீர்ப் போத்தல் சொந்தமாக இருக்கட்டும்.

பின்சேர்க்கை: கொவிட் வந்து சுகமானவர்களுக்கு

மேலே சொன்ன கணக்கு உங்களுக்கு இன்னும் பொருந்தாது. அறிகுறி எதுவும் இல்லாமல் 7 நாள் கழியவேண்டும். பிறகு 2 கிழமை காலிமுகத்திடலில் நடை மட்டும், பக்கத்தில் வருபவரோடு தடையில்லாமல் கதைக்கக்கூடிய வேகத்தில். அதற்குப் பிறகே முதல் கிழமைப் பாரம். நெஞ்சு நோ, படபடப்பு, வழமைக்கு மாறான மூச்சுத்திணறல் வந்தால் அங்கேயே நிறுத்தி, ஈசிஜி எடுத்து வைத்தியரிடம் காட்டும்வரை ஜிம் பக்கம் போகாதீர்கள்.