எல்லையோரப் பாட்டைப் பதிவு செய்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பென்னாகரம் பக்கத்திலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்களின் பாட்டுகளைச் சில வருடங்களாகப் பதிவு செய்து வருகிறேன். இப்போது கல்லூரிப் பிள்ளைகளும் போனும் கையுமாக இதில் இறங்குவது சந்தோஷமாக இருக்கிறது. நான் செய்த தவறுகளை அவர்கள் செய்ய வேண்டாம்.

பெரிய தவறு, பாட்டின் மொழியைத் திருத்துவது. சித்தாளாகப் போகும் ஒரு அக்கா பாடியதை எழுதும்போது, 'கெலசா' என்று வந்த இடத்தில் 'வேலை' என்று போட்டேன். படித்துக் காட்டியதும் கையைக் காட்டி நிறுத்தினார். "தம்பி, வேலைன்னா நம்ம காட்டுல செய்யறது. கெலசான்னா அங்க போயி செய்யறது. ரெண்டும் ஒண்ணா?" பதிவைத் திரும்பப் போட்டுக் கேட்டேன். களை எடுக்கும் வரியில் வேலை, செங்கல் சுமக்கும் வரியில் கெலசா. கன்னடச் சொல்தானே என்று நான் மாற்றியதில், அவர் பிரித்து வைத்திருந்த இரண்டு வாழ்க்கை ஒன்றாகிவிட்டிருந்தது.

எல்லை என்றதும் கர்நாடக எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளிச் சோதனைச் சாவடியைப் பாட்டில் தேடுவோம். 1956-ல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது ஓசூர் சென்னை மாநிலத்தோடு இருந்துவிட்டது. ஆனால் ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை வீடுகளில் தெலுங்கும் கன்னடமும் இன்றும் பேச்சுமொழி. அந்தப் பக்கம் பெண் கொடுப்பதும் எடுப்பதும் உண்டு. நான் கேட்ட பாட்டுகளில் எல்லைக்கோடு வந்ததில்லை. கடைசி பஸ் வரும், கூலி வாங்கும் சனிக்கிழமை வரும்.

அழுகையை மட்டும் பொறுக்குவதும் தவறு. பாரதக் கூத்து நடக்கும் நாட்களில் ஊர் திரும்புகிறவர்கள் திரௌபதியம்மன் கோயில் திடலில் விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள். கூத்தில் கோமாளியாக வரும் கட்டியக்காரன் மேஸ்திரி மாதிரி அதட்டும்போது எழும் சிரிப்பைக் கேளுங்கள். அதுவும் அவர்கள் படைப்புதான்.

அப்புறம், போனவர்களை மட்டும் பார்த்துவிட்டு வந்தவர்களை விட்டுவிடக் கூடாது. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றி வாடகை அறைகளில் இருக்கும் பீகார்ப் பையன்களிடமும் ஊர்ப்பாட்டு உண்டு. வேலை தேடிக் கிழக்கே போன கணவனை நினைத்துப் பெண்கள் பாடுவது போஜ்புரியில் பழைய மரபு. நம் பாட்டுக்கு அது ரொம்பப் பக்கம்.

கடைசியாக, பதிவைப் பாடியவருக்குப் போட்டுக் காட்டாமல் வெளியிடாதீர்கள். அந்த அக்கா முழுவதும் கேட்டுவிட்டு, மேஸ்திரி பற்றிய ஒரு வரியை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். "திங்கக்கெழம அவருகிட்டதான் தம்பி போகணும்." எடுத்துவிட்டேன்.