நெட்டுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் மென்பொருளை எடுக்கும் முறை

பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன். "அண்ணாச்சி, எதைத் திறந்தாலும் விளம்பரமா வருது, நெட்டு கிடந்து சுத்துது" என்று கொண்டுவரும் வீட்டு மெஷின்களில் பல தடவை காரணம் ஒன்றுதான். இலவச வீடியோ கன்வெர்ட்டர் மாதிரி ஏதாவது இறக்கியபோது கூடவே ஒரு மென்பொருளும் நுழைந்து, பிரவுசருக்கும் இணையத்துக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும்.

அதன் ஃபோல்டரைத் தேடிப் பிடித்து டெலிட் செய்துவிடாதீர்கள். கன்னடியன் கால்வாயில் குறுக்கே மண்ணைப் போட்டு ஒருவன் தண்ணீரைத் தன் வயல் வழியாகத் திருப்பியிருந்தால், ஆளை விரட்டினால் மட்டும் போதுமா? பழைய வழியையும் திறந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நெட்டே நின்றுபோகும்.

முதலில் முக்கியமான ஃபைல்களை பென்டிரைவில் எடுத்து, வைஃபை பாஸ்வேர்டையும் எழுதி வையுங்கள். அலுவலக லேப்டாப் என்றால் இத்தோடு நிறுத்திவிடுங்கள். அதில் இருக்கும் பிராக்ஸியும் (நெட் போக்குவரத்தை நடுவில் வாங்கி அனுப்புவது) சான்றிதழும் (தளம் அசல்தான் என்று பிரவுசருக்குக் காட்டும் டிஜிட்டல் அத்தாட்சி) கம்பெனி வைத்ததாக இருக்கலாம். அவர்களுடைய ஐடி ஆட்களிடம் கேட்க வேண்டிய விஷயம் அது.

விண்டோஸ் செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலைத் திறந்து, நிறுவிய தேதி வாரியாக வரிசைப்படுத்துங்கள். தொல்லை தொடங்கிய நாளை ஒட்டி வந்தவை மேலே தெரியும். சந்தேகமானதை அங்கிருந்தே அன்இன்ஸ்டால் செய்யுங்கள். பிரவுசர் எக்ஸ்டென்ஷன்களிலும் (பிரவுசரோடு சேர்த்துப் போடும் குட்டி மென்பொருள்கள்) நீங்கள் போடாததை எடுத்துவிடுங்கள்.

அப்புறம் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அதற்குள் பிராக்ஸி. வீட்டு மெஷினில் பிராக்ஸி சர்வரும் செட்டப் ஸ்கிரிப்ட்டும் ஆஃபில்தான் இருக்க வேண்டும். முகவரி இடத்தில் 127.0.0.1 என்று இருந்தால், நெட் போக்குவரத்தை இதே மெஷினுக்குள் இருக்கும் ஏதோ ஒன்றின் வழியாகத் திருப்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதை ஆஃப் செய்த பிறகும் நெட் வரவில்லையா? அதே நெட்வொர்க் பகுதியில் நெட்வொர்க் ரீசெட் இருக்கிறது. மெஷின் ரீஸ்டார்ட் ஆகும், வைஃபை பாஸ்வேர்டை மறுபடி கேட்கும்.

பலர் விட்டுவிடும் இடம் சான்றிதழ். இதுதான் ஆபத்தானது. பூட்டுப் போட்ட (https) தளங்களுக்குள்ளும் எட்டிப் பார்க்க, இந்த மென்பொருள்கள் தங்கள் சொந்த ரூட் சான்றிதழை, அதாவது மற்ற சான்றிதழ்களை நம்பலாம் என்று சொல்லும் மூலச் சான்றிதழை, விண்டோஸுக்குள் வைத்துவிடும். சில லெனோவோ லேப்டாப்களில் முன்கூட்டியே போட்டு வந்த சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் அப்படித்தான் செய்தது. அந்தச் சான்றிதழுக்கு எல்லா மெஷினிலும் ஒரே ரகசியச் சாவி; அது கிடைத்தவர் போலிச் சான்றிதழ் செய்யலாம். 2015 பிப்ரவரியில் அந்தச் சாவியின் கடவுச்சொல்லே வெளியாகிவிட்டது. மென்பொருளை நீக்கியவர்கள் மெஷினிலும் சான்றிதழ் அப்படியே தங்கியது.

உங்கள் வங்கித் தளத்தைத் திறந்து, லாகின் செய்யாமல், முகவரிக்கு இடப்பக்கக் குறியைத் தட்டி, சான்றிதழ் யார் கொடுத்தது என்று பாருங்கள். டிஜிசெர்ட், குளோபல்சைன் போன்ற சான்றிதழ் வழங்கும் நிறுவனத்தின் பெயர் வந்தால் சரி. நீங்கள் போட்ட ஆன்டிவைரஸின் பெயர் வந்தாலும் பயப்பட வேண்டாம், சில ஆன்டிவைரஸ்கள் இப்படித்தான் சோதிக்கும். நீக்கிய மென்பொருளின் பெயரோ, சம்பந்தமில்லாத வேறு பெயரோ வந்தால், ஸ்டார்ட்டில் மேனேஜ் கம்ப்யூட்டர் சர்டிபிகேட்ஸ் என்று தேடி, டிரஸ்டட் ரூட் பட்டியலில் அந்தப் பெயரை மட்டும் அழியுங்கள். மேனேஜ் யூசர் சர்டிபிகேட்ஸிலும் அதே மாதிரி பாருங்கள். புரியாத பெயர் என்பதற்காக மற்றதைத் தொடவே கூடாது. ஃபயர்ஃபாக்ஸ் தனிப் பட்டியல் வைத்திருக்கும், அதையும் அதன் செட்டிங்ஸில் பார்க்க வேண்டும்.

கடைசியாக விண்டோஸ் செக்யூரிட்டியில் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டுங்கள். விண்டோஸ் எழும்புவதற்கு முன்பே தேடுவதால், ஒளிந்திருப்பது தப்பிப்பது கஷ்டம்.

எல்லாம் சுத்தமான பிறகே பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள், அதுவும் மெயிலும் வங்கியும் முதலில். அவசரமாக மாற்ற வேண்டியிருந்தால் உங்கள் போனில், மொபைல் டேட்டாவில் மாற்றலாம். வீட்டில் ஆச்சியோ தாத்தாவோ பென்ஷன் கணக்கை அதே மெஷினில் பார்த்திருந்தால் அவர்களுடையதையும் விடாதீர்கள். கணக்கில் பணம் குறைந்திருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்து புகார் கொடுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள்.